எஸ்தர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டாள்

பாளையங்கோட்டை
கார்த்திகை 12

அன்புள்ள தங்கம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறாள். இவருக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. நீயும் அத்தானும் கல்யாண அலைச்சலில் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

புரட்டாசியில் உன் மகள் கனியின் உதட்டைப் பற்றி நீ போன் செய்து கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறேன். நடுவில் இரண்டு தடவை கூப்பிட்டாய். "கஸ்டமர் இருக்கிறாள், அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். கஸ்டமர் இருந்தது நிஜம்தான். அவள் போன பிறகு நான் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ புகுந்துவிடுவாய். பதினேழாம் நம்பர் பஸ்ஸில் என்ன நடந்தது என்பதையே இத்தனை வருஷத்தில் உனக்கு நான் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. கடிதம் என்றால் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமாம், நம்ம எஸ்தர்தான். ஹாஸ்டல் மெஸ்ஸில் அவள் சிரிப்புக்காக நாம் எல்லோரும் திட்டு வாங்கினோமே, அவள்.

சித்திரையில் முருகன்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். முகத்தில் மாஸ்க். கொரோனா போய் இத்தனை நாள் ஆகிவிட்டதே, காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். கண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் தெரிந்தது. கையைப் பிடித்து பார்லருக்குக் கூட்டி வந்து உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். மாஸ்க்கைக் கீழே இழுக்காமல், அடியில் டம்ளரை நுழைத்துக் குடிக்கப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஏழு வருஷமாக வெண்புள்ளி. கன்னத்திலும் கழுத்திலும் வந்தது மருந்திலும் லைட் சிகிச்சையிலும் நிறம் திரும்பிவிட்டது. உதடு மட்டும் திரும்பவில்லை. கீழுதட்டில் வலது ஓரம் முழுக்க வெள்ளை, மேலுதட்டில் துவரம்பருப்பு அளவுக்கு ஒன்று. அவள் மாமியார் வீட்டில் இன்னமும் அதை வெண்குஷ்டம் என்றுதான் சொல்கிறார்களாம். அது குஷ்டமே இல்லை, ஒட்டாது, அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று அரசாணை வந்த பிறகும். தனித் தட்டு, தனி டம்ளர். நம் எஸ்தருக்கு, தங்கம்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஸ்கின் டாக்டரின் கிளினிக்கில், ஊசியால் தோலுக்குள் நிறம் ஏற்றும் இந்த உதடு, புருவ வேலை செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? எஸ்தரை அங்கே கூட்டிப் போனேன். உதடு மட்டும் ஏன் திரும்பவில்லை என்பதை டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். தோலில் வெள்ளை விழுந்த இடத்தில் நிறம் திரும்புவது பெரும்பாலும் முடி வேரிலிருந்துதானாம். அங்கே ஒளிந்திருக்கும் நிறச்செல்கள் மருந்துக்கும் வெளிச்சத்துக்கும் எழுந்து மேலே ஏறி வரும். அதனால்தான் முதலில் முடியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. உதட்டில் ஏது முடி? எழுந்து வர அங்கே ஆளில்லை. எஸ்தர் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஏழு வருஷமும், ஏதோ தன் தப்பினால்தான் சரியாகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உடனே ஊசியை எடுத்துவிட முடியாது. வெண்புள்ளி இருப்பவர்களுக்குத் தோலில் அடிபட்டால் அந்த இடத்திலேயே புதிதாக வெள்ளை கிளம்பலாம். ஊசி குத்துவதும் அடிதானே. ஒரு வருஷமாவது புள்ளி வளராமல் இருந்திருக்க வேண்டும். அவளுக்கு மூன்று வருஷமாக வளரவில்லை, பழைய போட்டோக்களை வைத்து டாக்டர் பார்த்தார். ஆனியில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் மட்டும் குத்திவிட்டு ஆறு வாரம் காத்திருந்தோம். இன்னொன்று: காய்ச்சல் வந்தால் சிலருக்கு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வருமே, அந்த வைரஸ் நரம்பில் தூங்கிக்கொண்டிருக்கும், ஊசி பட்டால் எழுந்துவிடும். எஸ்தருக்குச் சின்ன வயசில் வந்திருக்கிறது. அதற்கும் முன்கூட்டியே மாத்திரை எழுதிக் கொடுத்துத்தான் ஆரம்பித்தார்.

ஆடியில் முதல் சிட்டிங். மரப்பு கிரீம் தடவி அரை மணி நேரம் உட்கார வைத்தேன். அந்த நேரத்தில் நான் செய்த வேலையைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவள் உதட்டில் இயல்பான நிறம் இருக்கும் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து பிக்மென்ட் கலந்தேன். பழுப்பு எடுத்தேன், வெளிறிக் கிடந்தது. ஒரு சொட்டு ஆரஞ்சு, அப்புறம் ஊசி முனையளவு சிவப்பு. மண் நிறமாகப் போனது. மறுபடியும் பழுப்பு. கையில் தடவிப் பார்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, அரை மணி நேரமும் அதிலேயே போனது. நாவல்பழம் தின்ற வாய் மாதிரி, ஓரத்தில் அடர்ந்து நடுவில் லேசாக ரோஸ் தெரியும் நம் ஊர் உதட்டு நிறம் அது. அவ்வளவு லேசில் கைக்கு அகப்படுவதில்லை. அது அகப்பட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது?

அப்புறம் இரண்டு மணி நேரம். இடது கை விரலால் உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெஷினை மேலாக ஓட்ட வேண்டும். ஊசி போகும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நடுவில் ஒரு தடவை அவள் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. வலிக்கிறதா என்றேன். இல்லை என்று கையாட்டினாள்.

மூன்று நாள் வீக்கம், ஸ்பூனில் கஞ்சி. ஐந்தாம் நாள் உரிய ஆரம்பித்தது, கையால் பிய்க்காதே என்று தினமும் போன் செய்தேன். இரண்டாவது வாரம் நிறம் எல்லாம் போய்விட்டது என்று அழுதாள். அது அப்படித்தான், மேல் தோல் ஆறும்வரை நிறம் உள்ளே மங்கிக் கிடக்கும், ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் மேலே வரும். வந்தது. புரட்டாசியில் விட்டுப்போன இடங்களை நிரப்பினேன்.

நீ கனியின் போட்டோக்களை அனுப்பி, "இவள் உதட்டை ரோஸாக்கிக் கொடு" என்று கேட்டது அதே நாள் சாயங்காலம். காலையில் நான் தேடித் தேடிக் கலந்த நிறம், தங்கம். எஸ்தர் ஏழு வருஷமாக ஏங்கிய நிறம். அதை உன் மகளுக்கு மறைக்கச் சொல்கிறாய். எனக்கு வாய் அடைத்துப் போனது. இரண்டு மாத மௌனத்துக்குக் காரணம் இதுதான்.

ஏழு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலுதடு கொஞ்சம் அடர்த்தி, கீழுதடு நடுவில் ரோஸ். உன் மாமியாருக்கு இருந்த அதே உதடு. அந்தப் பிள்ளைக்குச் சிரிக்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது! மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி "உதடு மட்டும் கொஞ்சம் கறுப்பு" என்றாள் என்றாய். எஸ்தர் வீட்டில் பேசியதும் இதே தொனிதானே? நிறத்தின் பெயர்தான் வேறு. அந்த அத்தைக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரியவில்லை. வார்டனையே எதிர்த்துப் பேசிய தங்கம் ஒன்றும் சொல்லாமல் வந்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை என்றால் எனக்கு உன்மேல் கோபம்தான்.

சரி, என் கோபத்தை விடு. தொழில் தெரிந்தவளாகவும் சொல்கிறேன், கேள்.

போன மாசியில் ஒரு பெண் வந்தாள், இருபத்தைந்து வயசு இருக்கும். வேறு ஊரில் ஒரு பார்லரில் ஒரே சிட்டிங்கில் பேபி பிங்க் ஆக்கித் தருகிறோம் என்று செய்திருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது உதடு சாம்பல் பூத்த ஊதாவாக இருந்தது. நம் உதட்டுக் கருமைக்கு அடியில் நீலமும் ஊதாவும் ஓடும். அதன்மேல் வெள்ளை கலந்த ரோஸைப் போட்டால் என்ன ஆகும்? நாவல்பழச் சாற்றில் பால் ஊற்றினால் என்ன நிறம் வருமோ அதுதான். போதாததற்கு ஊசி ஆழமாகப் போய், ஆறிய புண்ணின் ஓரமெல்லாம் முன்னைவிடக் கறுத்திருந்தது. நம் தோலுக்குப் புண் ஆறினால் கருமை விட்டுப் போகும், முழங்காலில் விழுந்து எழுந்தவர்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பெண் லேசர் வைத்து எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வெள்ளை கலந்த பிக்மென்டில் டைட்டானியம் டையாக்சைடு இருக்கும், லேசர் பட்டால் அது கறுத்துப் போகலாம். டாக்டர் அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் ஆச்சியின் கையில் பச்சை குத்தியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் கோலம். குத்தும்போது அது கரிதான், கறுப்பு. தோலுக்கு அடியில் போனதும் வெளிச்சம் சிதறி நீலப் பச்சையாகத் தெரிகிறது, அதனால்தான் அதற்குப் பச்சை என்றே பெயர். எந்த நிறமும் டப்பாவில் இருப்பது மாதிரி தோலுக்குள் இருக்காது. இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது.

முறையாகச் செய்வது என்றால், முதலில் ஆரஞ்சு கலந்த நிறத்தைப் போட்டு அடியில் இருக்கும் நீலத்தைச் சமன் செய்ய வேண்டும். அது ஆறி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் அடுத்தது. சிலருக்கு மூன்று தடவைகூட ஆகும். கல்யாணம் தை 10. இன்றே ஆரம்பித்தாலும் மணவறையில் கனி பாதி வேலை முடிந்த ஆரஞ்சு உதட்டோடுதான் உட்கார்ந்திருப்பாள். இவ்வளவும் செய்த பிறகு அது ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று வருஷத்தில் மங்கும், மறுபடி குத்த வேண்டும். குழந்தை உண்டானால், பால் கொடுக்கும்போது, செய்யக் கூடாது. அவள் பிறந்தநாள் தோறும் ரத்தம் கொடுப்பாளே, குத்தினால் ஒரு வருஷம் கொடுக்க முடியாது.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல். அவள் உதடு சின்ன வயசிலிருந்தே இப்படித்தானா, இல்லை சமீபத்தில் கறுத்ததா? சமீபத்தில் என்றால் ஸ்கின் டாக்டரிடம் கூட்டிப் போ. லிப்ஸ்டிக் ஒத்துக்கொள்ளாமல் கறுக்கும், எந்நேரமும் நாக்கால் ஈரப்படுத்தினால் கறுக்கும், பி12 குறைந்தாலும் கறுக்கும். அதையெல்லாம் பார்க்காமல் மேலே சாயம் பூசுவது சுவரில் ஓதம் இருக்கும்போது வெள்ளையடிப்பது மாதிரி. முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிட்டாள் என்றாயே, அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நான் இந்தத் தொழிலைக் குறை சொல்லவில்லை, தங்கம். இதில்தான் என் சோறு. பிளந்த உதட்டைத் தைத்த தழும்போடு வருகிறார்கள், தீக்காயத்தோடு வருகிறார்கள், ஆசைப்பட்டும் வருகிறார்கள். ஆசையும் தப்பில்லை. கனியே ஆசைப்பட்டால், கல்யாணம் முடிந்து நிதானமாக வரட்டும், நானே உட்கார்ந்து செய்கிறேன், ரோஸ் அல்ல, அவள் நிறத்திலேயே கொஞ்சம் பளிச்சென்று. ஆனால் அதை அவள் வாயால் நான் கேட்க வேண்டும். இத்தனை பேச்சில் அவள் என்ன சொன்னாள் என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் நான் ஃப்ரீ. சித்தியிடம் பேசு என்று சொல்.

நீ அனுப்பிய அட்வான்ஸ் ஐயாயிரத்தை இன்று காலை ஜிபேயில் திருப்பி அனுப்பிவிட்டேன். மறுபடி அனுப்பாதே. மேக்கப்புக்கு நான் தை 8 அன்றே வந்துவிடுவேன். செங்கல் சிவப்பு, மெரூன் இரண்டிலும் லிப்ஸ்டிக் எடுத்து வருகிறேன். கூறைப்புடவையின் ஓரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, பகல் வெளிச்சத்தில்.

எஸ்தரை மறந்துவிட்டேனே. போன வாரம் கடைசியாகப் பார்க்க வந்தாள். இது பூச்சுதான், நோய் உள்ளே அப்படியேதான் இருக்கிறது, புதுப் புள்ளி வந்தாலும் வரலாம், மங்கும் என்று எல்லாம் மறுபடியும் சொன்னேன். "இரண்டு வருஷம் போதும் சாந்தி, அதற்குள் மகள் பிளஸ் டூ முடித்துவிடுவாள், அவள் ஸ்கூல் மீட்டிங்குக்கு முகத்தோடு போவேன்" என்றாள். இறங்கிப் போய் எதிர் டீக்கடையில் நின்று, மாஸ்க்கைக் கழற்றி நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துவிட்டு, டீ வாங்கிக் குடித்தாள். கடைக்காரர் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது.

கல்யாணத்துக்கு வருகிறேன் என்கிறாள். அவளுக்குத் தனியாகப் பத்திரிகை அனுப்பு, அட்ரஸை வாட்ஸப்பில் போடுகிறேன். கவரில் அவள் வீட்டுக்காரர் பெயரைப் போடாதே. எஸ்தர் என்றே எழுது.

உன்
சாந்தி