டிராக்டர் பதிவேட்டில் தவறாக உள்ள கைபேசி எண்ணைத் திருத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்: டிராக்டர் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், வெண்ணாற்றுப் பாசனக் கிராமங்கள்.

பெறுநர்: உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே குறைக்காகத் தங்கள் அலுவலகத்திலும் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் ஏற்கெனவே மனு கொடுத்துள்ளோம். ஒப்புகைச் சீட்டோடு சரி, பதில் இல்லை. மீண்டும் பணிந்து எழுதுகிறோம்.

1. பெயர் மாற்றம், முகவரி மாற்றம், ஹெச்.பி. ரத்து (வண்டிக் கடன் பதிவை நீக்குவது) எல்லாம் அரசின் பரிவாகன் இணையதளத்துக்கு வந்தது நல்லதே. எதற்கு விண்ணப்பித்தாலும் பதிவேட்டில் உள்ள கைபேசிக்குத்தான் ஓடிபி போகும்.

2. நம் பகுதி டிராக்டர்கள் பலவற்றில் அந்த எண் உரிமையாளருடையதே அல்ல. வண்டி எடுத்த அன்று ஷோரூம்காரரோ புரோக்கரோ தன் எண்ணைப் போட்டிருப்பார். ஆர்.சி. (பதிவுச் சான்று) ஸ்பீடு போஸ்டில் வந்தாலும் தபால்காரர் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான். கதவு எண் இல்லாத மேலத்தெரு முகவரி, வீட்டார் பகலெல்லாம் வயலில். உறை திரும்பிவிடுகிறது.

3. எண்ணை மாற்றப் போனால் சேசிஸ் எண் (வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்), இன்ஜின் எண், பதிவு நாள், பதிவு முடியும் நாள் கேட்கிறது. ஓர் எழுத்து பிசகினாலும் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகங்களைக் கணினியில் ஏற்றியபோது 8 'பி' ஆகியிருக்கிறது, சைபர் 'ஓ' ஆகியிருக்கிறது. எந்த எழுத்து மாறியது என்று உரிமையாளருக்கு எப்படித் தெரியும்? கேஜ் வீல் (இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்று வயலில் இறங்கும் வண்டியில் சேசிஸ் எண் மேல் சேறு இறுகிக் கிடக்கும். டீசல் துணியால் துடைத்து, தாள் வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தால், கவுண்டரில் "ஆன்லைன்ல போடுங்க" என்கிறார்கள். ஆன்லைனில் எதைப் போடுவது ஐயா? அங்கே இருக்கும் பிழையைத் திருத்தத்தானே வருகிறோம்!

4. விற்ற வண்டியை வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தாகி இருக்கிறது, ஓடிபிதான் வரவில்லை. இடையில் விபத்து நடந்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றவர் கதி என்ன? கடனை அடைத்து வங்கி கையெழுத்திட்ட, ஹெச்.பி. ரத்துக்கான 35ஆம் படிவமும் பெட்டியில்தான் கிடக்கிறது.

5. கைபேசி எண்ணை மாற்றித் தாருங்கள். அது ஒன்று போதும்.

மூல ஆர்.சி., ஆதார், பென்சில் பிரிண்ட் மூன்றையும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியோடு ஒப்பிட்டு, அங்கேயே கைபேசி எண்ணைத் திருத்த வழி செய்யுங்கள். அதே சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி விதி செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. 1989ஆம் ஆண்டு தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் இதற்கென ஒரு விதி சேர்க்கப் போக்குவரத்து ஆணையருக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அதுவரை மே மாதத்தில் ஒரு நாள் முகாம் போடுங்கள். நெல் கொள்முதல் நிலையக் களம் போதும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் எந்த டிராக்டரும் வயலை விட்டு ஏறாது. தயவுசெய்து அதற்குள் எண்ணை மாற்றித் தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
டிராக்டர் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், பென்சில் பிரிண்டுகள்