கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்: இந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் மின்சார ரயில் நெரிசல் என்றாலே பத்திரிகையிலும் டிவியிலும் தாம்பரம், செங்கல்பட்டுப் பாதைதான் வருகிறது. அங்கேயும் கஷ்டம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சென்ட்ரலில் இருந்து வடக்கே கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரு பாதை இருக்கிறது. 1979-இல் மின்சார ரயில் வந்த பாதை. அதை நம்பித்தான் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் என்று இத்தனை ஊர் மக்களும் பிழைப்புக்குப் போய் வருகிறோம். எங்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

எனக்குப் பொன்னேரி. பார்க் டவுனில் மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து சீசன் டிக்கெட்தான், சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் ஸ்டேஷன்தான்.

கூட்டம் அதிகம், ஆகவே பெட்டிகளைக் கூட்டுங்கள், ரயில்களைக் கூட்டுங்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூட்டினால் நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் தினமும் நடைமேடையில் நிற்பவர்களுக்கு வேறு ஒன்று கண்கூடாகத் தெரியும். ரயில் சொன்ன நேரத்துக்கு வரும் நாளில் கூட்டம் தாங்கக்கூடியதாகத்தான் இருக்கிறது. மீஞ்சூரில் உட்கார இடம் கிடைக்காது, எண்ணூரில் நெருக்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதே ரயில் இருபது நிமிடம் தாமதமாக வரட்டும், பாருங்கள். அதற்கு அடுத்த ரயிலுக்கு வர வேண்டிய ஆட்களும் அதற்குள் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார்கள். பொன்னேரியிலேயே நிற்க ஆரம்பிக்கிறோம். அனுப்பம்பட்டிலும் மீஞ்சூரிலும் ஏறும்போது ஆளை ஆள் தள்ளித்தான் ஏறுகிறார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூடுதல் நேரம் பிடிக்கும், அதனால் ரயில் இன்னும் தாமதமாகும், அதனால் அடுத்த ஸ்டேஷனில் இன்னும் கூட்டம் சேரும். எண்ணூருக்கு வரும்போது வாசலில் தொங்குவதற்குக்கூட இடம் இருக்காது. பின்னாலேயே அடுத்த ரயில் பாதி காலியாக வரும். ஆனால் அந்த ரயிலை நம்பிக் காத்திருக்க யாருக்கும் தைரியம் இல்லை. அது வழியில் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் சொல்கிறேன், எங்கள் பாதையில் பாதிக் கூட்டம் தாமதத்தால் உண்டாகும் கூட்டம். நேரத்தைச் சரிசெய்தால் ஒரு பெட்டிகூடச் சேர்க்காமலே பாதி நெரிசல் குறையும்.

சரி, ஏன் தாமதம்? அத்திப்பட்டைத் தாண்டி வடக்கே போனால் இரண்டே தண்டவாளப் பாதைகள்தான். போக ஒன்று, வர ஒன்று. விஜயவாடா, ஐதராபாத், டெல்லி, ஹவுரா போகும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் எல்லாம் அதே பாதையில்தான் ஓடுகின்றன. எண்ணூரில் காமராஜர் துறைமுகம் இருப்பதால் சரக்கு ரயில்களும் அத்திப்பட்டுப் பக்கம் வந்து போகின்றன. இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் ரயில் ஓட வேண்டும். இரவெல்லாம் ஓடி வந்த ஒரு எக்ஸ்பிரஸ் ஆந்திராவில் எங்கேயோ தாமதமாகி, காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால், அதற்கு வழிவிட எங்கள் ரயிலை லூப் லைனில், அதாவது மெயின் லைனுக்குப் பக்கத்தில் பிரியும் தண்டவாளத்தில், ஒதுக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே மணிக்கணக்கில் தாமதமான ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க, நேரத்துக்கு ஓடும் ஒரு ரயிலை நிறுத்தி நிறைய ஆட்களை வேலைக்குத் தாமதமாக்குவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு கவரைப்பேட்டையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மெயின் லைனில் போக வேண்டிய பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. அதில் இருந்து லூப்பில் நிற்கும்போதெல்லாம் எங்கள் பெட்டியில் யாராவது அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதில்லை.

வடக்கே இருந்து வரும் தாமதம் ஒரு பக்கம் என்றால், கடைசிக் கட்டம் இன்னொரு பக்கம். கொருக்குப்பேட்டையை விட்ட பிறகு பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றுவிடும். இந்த இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். முதல் ஐந்து நிமிடம் யாரும் அசைய மாட்டார்கள். அப்புறம் ஒருவர் மணி பார்ப்பார், இன்னொருவர் மேனேஜருக்கு போன் போட்டு "சார், பேசின் பிரிட்ஜ்லதான் நிக்குது" என்பார். அடுத்தது, வாசலில் நிற்கும் பையன்கள் ஒவ்வொருவராகக் கீழே குதிப்பார்கள். நடைமேடை இல்லாத இடம். பெட்டியின் தரை ஆள் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். கீழே சரளைக்கல். பையன்கள் குதித்துவிட்டு, பக்கத்துத் தண்டவாளத்தைக் கடந்து நடையைக் கட்டிவிடுவார்கள். அவர்களைப் பார்த்து நடுத்தர வயது ஆண்கள் இறங்குவார்கள். பிறகு பெண்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு அக்கா எங்கள் பெட்டியில் வருவார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முழங்கால் வலி வேறு. லேட்டானால் மேஸ்திரி வருகைப் பதிவை மூடிவிடுவார் என்று அவரும் ஒருநாள் இறங்கினார். பையையும் செருப்பையும் முதலில் கீழே போட்டுவிட்டு, வாசல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் ஆட, கீழே இருந்த ஒருவர் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டார். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்வதற்குள் பக்கத்து லைனில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. எல்லோரும் கத்தினோம். அவர் எங்கள் ரயிலின் சக்கரத்தோடு ஒட்டி நின்றுகொண்டதால் தப்பித்தார்.

தண்டவாளத்தில் நடப்பது குற்றம், படியில் தொங்குவது குற்றம் என்று ஸ்டேஷனில் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். படியில் பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, ஐந்நூறு ரூபாய் வரை அபராதம் என்று ரயில்வே சட்டத்தின் 156-வது பிரிவிலேயே இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அந்த அக்காவை அங்கே இறங்க வைத்தது எது?

பறங்கிமலையில் 2018 ஜூலை 24-ஆம் தேதி நடந்த விபத்தை நினைத்துப் பாருங்கள். உயர்மின் கம்பி பழுதாகி, காலை நேரத்தில் ரயில்கள் தாமதமாகி, ஸ்டேஷன்களில் ஆட்கள் குவிந்துவிட்டார்கள். திருமால்பூர் போக வேண்டிய ரயிலை விரைவுப் பாதையில் திருப்பி விட்டார்கள். உள்ளே இடம் இல்லாமல் வாசலில் தொங்கியவர்கள் அந்தப் பாதையை ஒட்டியிருந்த காங்கிரீட் சுவரில் மோதி விழுந்தார்கள். நான்கு பேர் அங்கேயே உயிரை விட்டார்கள். படியில் தொங்காதே என்று அறிவுரை சொல்வதோடு அந்த விபத்தின் கதையை முடித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆரம்பம் ஒரு பழுது, அதனால் தாமதம், தாமதத்தால் கூட்டம், கூட்டத்தால் தொங்கல். தினமும் நாங்கள் பார்ப்பதும் இதே வரிசைதான்.

மகளிர் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் தாமதமாக வரும் நாளில் ஆண்களும் அவசரத்தில் அதில் ஏறிவிடுகிறார்கள். கேட்டால், "எல்லாரும் வேலைக்குத்தானம்மா போறோம்" என்கிறார்கள். அவர்கள் அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் பத்து மாத வயிற்றோடு நிற்கும் பெண்ணும், பிராக்டிகல் பரீட்சைக்குப் போகும் காலேஜ் பிள்ளைகளும், கீரைக்கட்டும் மீன் கூடையுமாக வியாபாரத்துக்குப் போகும் அம்மாக்களும் அதே பெட்டியில்தான் நசுங்குகிறார்கள். அந்த நெருக்கடியில் கை எங்கே படுகிறது என்று யாரையும் கேட்க முடியாது, கேட்டால் கூட்டத்தைக் காட்டுகிறார்கள். காலை நேரத்தில் ஒரு பெண் போலீஸ் மீஞ்சூரில் நின்றாலே போதும், பாதிப் பிரச்சினை தீரும். நின்ற நாட்களில் தீர்ந்திருக்கிறது.

ஒருமுறை தாமதம் பொறுக்காமல் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து நிலைய அதிகாரியிடம் போய்க் கேட்டோம். பாவம், நல்ல மனிதர். உட்கார வைத்துப் பேசினார். "வண்டியை எங்க நிறுத்தணும், எப்ப விடணும்ங்கிறது என் கையில இல்லைம்மா. கன்ட்ரோல்ல சொல்றதைத்தான் நான் செய்யறேன்" என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்றாவது மைக்கில் சொல்லுங்கள் என்றோம். "எனக்கே தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்" என்றார். வெளியே வந்தால், ரயில் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்று பதிவு செய்த குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அது வந்து சேர்ந்தபோது நாங்கள் வேலையில் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் கடந்திருந்தது. எங்கள் கடையில் மூன்று நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். முதலாளியைக் குறை சொல்லவில்லை. காலையில் கவுன்டரில் ஆள் இல்லாவிட்டால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஆனால் ரயில் செய்த தாமதத்துக்கு மாதா மாதம் எங்கள் வீட்டுப் பால் காசில் இருந்து நாங்கள் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ரயில் பிடிக்கவில்லை என்றால் வேறு வழியில் போக வேண்டியதுதானே என்று சென்னைக்குள் இருப்பவர்கள் கேட்கலாம். திருவொற்றியூர், விம்கோ நகர்க்காரர்களுக்கு 2021-இல் மெட்ரோ வந்துவிட்டது, சந்தோஷம். அதற்கு வடக்கே எங்களுக்கு அது இல்லை. எண்ணூர் வழியாக பஸ்ஸில் போனால் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். செங்குன்றம் வழியாகப் போவதற்கு முதலில் தச்சூர் கூட்டுச்சாலைக்குப் போக வேண்டும். ரயிலில் போகும் காசுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

2025 ஏப்ரலில் செங்கல்பட்டுப் பாதையில் ஏசி மின்சார ரயில் விட்டார்கள். குறைந்த கட்டணம் 35 ரூபாய். சாதாரண மின்சார ரயிலில் ஐந்து ரூபாய். வசதி உள்ளவர்கள் அதில் போகட்டும், நல்லதுதான். எங்களுக்கும் ஏசி விடப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் கைதட்ட மாட்டேன். நெரிசலான பாதையில் இன்னொரு ரயிலை நுழைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண ரயில் ஒன்றின் நேரம்தான் அடிபடும்.

எங்களுக்கு வேண்டியது என்ன என்று கேட்டால், பெரிய காரியம் ஒன்று, கை எட்டும் தூரத்தில் சில காரியங்கள். பெரியது, அத்திப்பட்டில் இருந்து கும்மிடிப்பூண்டி வரை மூன்றாவது, நான்காவது பாதை. இந்தப் பேச்சு பல வருடமாக எங்கள் காதில் விழுகிறது. பட்ஜெட் சமயத்தில் பெயர் வரும், அப்புறம் அடங்கிவிடும். தொகுதி எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் இதை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் விடாமல் கேட்க வேண்டும். ரயில் நிலையத்தில் பூங்கா, செல்ஃபி வளைவு எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பாதை வரும் வரைக்கும் காலை ஏழு முதல் பத்து வரை, மாலை ஐந்து முதல் எட்டு வரை, ஏற்கெனவே தாமதமான எக்ஸ்பிரசுக்காகவும் சரக்கு ரயிலுக்காகவும் நேரத்துக்கு ஓடும் மின்சார ரயிலை ஒதுக்கக் கூடாது என்று கன்ட்ரோலுக்கு ஒரு உத்தரவு போடலாம். இதற்குத் தண்டவாளம் போட வேண்டாம், நிதி ஒதுக்க வேண்டாம். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். மாதம் ஒருமுறை இந்தப் பாதையில் காலையிலும் மாலையிலும் எத்தனை மின்சார ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்று தனியாகக் கணக்கு வெளியிடட்டும். நாள் முழுவதற்கும் சேர்த்துச் சராசரி காட்டினால், மதியம் இரண்டு மணிக்குக் காலியாக ஓடும் ரயில் எங்கள் எட்டு மணி ரயிலின் குறையை மறைத்துவிடும். கணக்கு எழுதிப் பிழைப்பவள் என்பதால் இது எனக்குத் தெரியும்.

அப்புறம், பொன்னேரி, கவரைப்பேட்டைப் பக்கம் அடிக்கடி பராமரிப்பு வேலை என்று ரயில்களை ரத்து செய்கிறார்கள். வேலை நடக்கட்டும், தண்டவாளம் பத்திரமாக இருந்தால்தான் நாங்களும் பத்திரம். ஆனால் எது ரத்து, எது எந்த ஸ்டேஷனோடு நின்றுவிடும் என்பதை முந்தின நாள் சாயங்காலமே எல்லா ஸ்டேஷனிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள், மைக்கில் சொல்லுங்கள். காலையில் டிக்கெட் கவுன்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையை மாற்றுங்கள். இரவே தெரிந்தால் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் தச்சூர் போய் நாங்கள் பஸ்ஸைப் பிடித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு சீசன் டிக்கெட் பயணி,
பொன்னேரி.