ஆய்வு இருக்கட்டும், முதலில் மூடியைப் போடுங்கள்

வீதிக்கும் வடிகாலுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இரண்டு நினைவூட்டல் கடிதங்களுக்குப் பிறகாவது என் முறைப்பாட்டுக்குப் பதில் அனுப்பினீர்கள். நன்றி. "பார்வைக் குறைபாடுடைய பாதசாரிகளின் பாதுகாப்புத் தொடர்பில் விரிவான ஆய்வொன்று மேற்கொள்ளப்பட வேண்டியுள்ளது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஆய்வு கேட்கவில்லை. குழாய் பதிக்க வந்தவர்கள் தூக்கி எடுத்த கான் மூடியை, அதாவது வீதியோர வடிகாலின் மூடியை, திரும்பப் போடும்படிதான் கேட்டேன். எந்த வீதி என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் அது உங்களுடையதா, மாகாணத்தினுடையதா, சபையினுடையதா என்று கோப்பு இன்னொரு மாதம் சுற்றும். இடம் உங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் பின்நேரம் மூடியில்லாத அந்தக் கானுக்குள் தொடைவரை இறங்கிவிட்டேன். கெண்டைக்காலில் ஆறு தையல். தேநீர்க் கடைக்காரர்தான் ஓடி வந்து தூக்கினார். தூக்கிவிட்டு, நல்ல மனத்தோடுதான் கேட்டார்: "மாஸ்டர், ஒவ்வொரு நாளும் என் கடையில் இருந்து பேப்பர் வாசிக்கிறீர்களே, இவ்வளவு பெரிய கான் தெரியவில்லையா?"

தெரியவில்லை. எனக்குக் குளுக்கோமா என்ற கண் நோய். அந்த நோய் பெரும்பாலும் ஓரப் பார்வையிலிருந்துதான் அரிக்கத் தொடங்கும். நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும். அதனால் மரண அறிவித்தலின் சின்ன எழுத்தையும் வாசிப்பேன், ஆனால் பக்கத்தில் வந்து நிற்பவரைக் குரல் கேட்டால்தான் அறிவேன். கிளினிக்கில் கிண்ணம்போன்ற ஓர் இயந்திரத்தில் நாடியை வைத்து, வெளிச்சப் பொட்டுத் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கடைசித் தடவை நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. இயந்திரம் பழுதாக்கும் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். தாள் வெளியே வந்தபோது கீழ்ப்பாதி கறுத்திருந்தது. கால் வைக்கும் நிலம் அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது, ஐயா.

வெள்ளைப் பிரம்பு எங்கே என்று கேட்பீர்கள். அன்று அது வீட்டில் கிடந்தது, என் பிழைதான். பஸ்ஸில் பிரம்பை மடித்து வைத்துவிட்டுப் பேப்பரை விரித்தால், "நடிக்கிறார்" என்று பின்சீற்றில் சொல்வது காதில் விழுகிறது. காதுக்கு ஒரு குறையும் இல்லை. சில நாட்களில் பிரம்பை எடுக்க மனம் வருவதில்லை.

உங்கள் கடிதத்தில் இருந்த "ஆய்வு" என்ற சொல் என்னை விடவில்லை. பேரனைப் பக்கத்தில் இருத்தி இணையத்தில் தேடுவித்தேன். அமெரிக்காவில் பொஸ்ரன் நகரில் இருக்கும் ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தார், குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோலப் பார்வை குறுகியவர்களுக்குக் கணினியில் கட்டிய ஒரு கடைத்தொகுதியைத் திரையில் காட்டி, எதிர்ப்படும் தடையில் தாங்கள் மோதுவோமா மாட்டோமா என்று அவர்கள் எப்படிக் கணிக்கிறார்கள் எனச் சோதித்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் குளுக்கோமாக்காரர்களுக்கு, கணினிக் காட்சியைக் கண் முன்னே நிஜம்போலக் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடியை மாட்டி, காட்சியை அசைத்து, உடம்பு எவ்வளவு தள்ளாடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். முன்பு விழுந்து எழும்பியவர்களிடம் தள்ளாட்டம் அதிகமாக இருந்ததாம். இது 2015இல் வந்தது.

மெய்நிகர் உலகத்தை அவர்கள் ஏன் தேடிப் போனார்கள்? ஓடுகிற காருக்கு முன்னால் பார்வை குறைந்தவரை நிறுத்திச் சோதிக்க முடியாது. கண்ணாடிக்குள் என்றால் அதே கார், அதே வேகம், அதே தூரம் எல்லோருக்கும் ஒன்றுபோல வரும். மோதினாலும் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தக் கருவிக்கும் குறை உண்டு. நல்ல கண்கள் இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 200 பாகை பார்க்கும். பல வி.ஆர். கண்ணாடிகள் 100 பாகையை ஒட்டியே நின்றுவிடும். ஆனாலும் ஒருவரையும் காயப்படுத்தாமல் அறிந்துகொள்ள வேண்டும் என்று அவ்வளவு பாடுபடுகிறார்கள். நம்மூரில் கண்ணாடி தேவையில்லை. அசல் கான், அசல் சேறு, அசல் இரத்தம், அனுமதி இலவசம். அளந்து எழுதத்தான் ஆள் இல்லை.

ஆய்வுதான் வேண்டுமென்றால் நடத்துங்கள், நான் மறிக்கவில்லை. முதலில் அப்படியொரு கண்ணாடியில் கீழ்ப்பாதியைக் கறுப்பாக்கி, நீங்களே மாட்டிக்கொண்டு, உங்கள் அறைக் கதவிலிருந்து வாசல் படிவரை நடந்து பாருங்கள். ஆனால் மூடியை அதற்கு முன் போட்டுவிடுங்கள்.

சட்டமும் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. பத்து ஆண்டுக்கு ஒரு தாள் தவறாமல் வருகிறது. ஒக்டோபர் 15, வெள்ளைப் பிரம்பு தினம், அதுவும் தவறுவதில்லை: பதாகை, ஊர்வலம், பொன்னாடை, படம். ஊர்வலம் போகிற வீதி மட்டும் அன்று காலையில் கூட்டித் துப்புரவாக இருக்கும். நடைபாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்கள், வாளியும் தும்புத்தடியும் அடுக்குகிற கடைக்காரர்கள், அவர்களைக் கண்டும் காணாமல் போகிறவர்கள் எல்லோருக்கும் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது.

எதையோ எழுத வந்து எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் பிள்ளைகளைத் திருத்திய வாய். என் கோரிக்கை பழையதுதான். ஐப்பசி மழை தொடங்கினால் கானும் வீதியும் ஒரே தண்ணீராகிவிடும். அப்போது கண் நன்றாகத் தெரிகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. அதற்கு முன் அந்த ஒரு மூடியைப் போட்டுத் தாருங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக வார்க்கவும் தேவையில்லை. கழற்றிய மூடி பக்கத்து மதிலில் சாய்ந்தபடியே நிற்கிறது. நேற்றுப் போய்க் கையால் தடவிப் பார்த்தேன். பாசி பிடித்திருக்கிறது, உடையவில்லை. இரண்டு பேரும் ஓர் அலவாங்கும் போதும். தேநீர் என் செலவு.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்