ஈசிஜி நார்மல் என்று எழுதியிருந்தாயே

காட்பாடி

அன்புள்ள வேலு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியது, மருமகனுக்கு ராணிப்பேட்டைக்கு மாற்றல், எல்லாம் சந்தோஷம். இங்கே வெயில்தான், வேறென்ன. ஆனால் கடைசியில் "ஈசிஜி நார்மல், டாக்டர் எழுதின இதய ஸ்கேன் எல்லாம் பணம் பிடுங்கும் வேலை" என்று ஒரு வரி போட்டிருக்கிறாய் பார், அதற்குத்தான் இந்தப் பதில்.

அது படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜிடா. ரத்தக்குழாய் 70 சதவீதம் அடைத்திருந்தாலும் சும்மா இருக்கும் இதயத்துக்கு வருகிற ரத்தம் போதும். மாடி ஏறினால்தான் பற்றாது. உனக்கு நெஞ்சை அடைப்பதும் மாடிப்படியில்தானே? போதாததற்கு சுகர் வேறு. சுகர்காரர்களுக்குச் சில சமயம் வலிகூடக் காட்டாது.

டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி எடுக்கலாம்தான், ஆனால் அதில் 3 நிமிஷத்துக்கொரு முறை வேகமும் ஏற்றமும் கூட்டுவார்கள். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதமாவது துடிப்பு ஏறணும். நம் 66 வயதுக்கு 131. உன் முட்டி அதுவரை தாங்குமா? பாதியில் இறங்கினால் ரிசல்ட்டை நம்ப முடியாது. அதனால்தான் நடக்கவிடாமல் மருந்து கொடுத்து எடுக்கிற ஸ்கேனை டாக்டர் எழுதியிருக்கிறார்.

தாலியம் ஸ்கேன் என்பார்கள், இப்போது பெரும்பாலும் போடுவது டெக்னீசியம், இரண்டும் லேசாகக் கதிர்வீச்சு விடுகிற பொருள். ஊசியில் ஏற்றி, இதயத்துக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கும்போது ஒரு படம், ஓய்வில் ஒரு படம். முதல் படத்தில் மட்டும் ஓர் இடம் மங்கினால் அங்கே ரத்தம் பற்றவில்லை, தசை உயிரோடுதான் இருக்கிறது. இரண்டிலும் மங்கினால் பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. நேராக ஆஞ்சியோ பண்ணிவிடலாமே என்கிறாய். ஆஞ்சியோ வாய்க்காலைக் காட்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று சொல்வது இதுதான். ஆனால் இதயத்தின் மூன்று குழாயிலும் ஒரே மாதிரி அடைப்பு இருந்தால் இது ஏமாற்றவும் செய்யும். ரிசல்ட் நன்றாக வந்தும் மூச்சு வாங்கினால் டாக்டரை விடாதே.

உன் ஆஸ்துமா இழுப்பை மறைக்காமல் முதலிலேயே சொல். ரத்தக்குழாயை விரிக்கிற அடினோசின் மருந்து அதற்கு ஆகாது, இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிற டோபுடமின் போடுவார்கள். முதல் நாளிலிருந்தே காபி, டீ கிடையாது (நீ எப்படித் தாங்குவாயோ!). பிரஷர் மாத்திரையை நீயாக நிறுத்தாதே, கேட்டுக்கொள். அன்றைக்கு மட்டும் பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம், உடம்பில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும்.

பழைய ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துக்கொண்டு வா. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வைக்கிறேன், டெஸ்ட் முடிந்ததும் சாப்பிடலாம். எண்ணெய் மட்டும் என் வீட்டுக்காரி கணக்குப்படிதான்.

அன்புடன்,
குப்பன்