சிரிப்புப் பாட்டுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வாரந்தோறும் ஒரு பழம்பாடலை உரையோடு வெளியிட வேண்டும் என்றும், அதில் சங்கப் பாடல்களுக்குத் தரும் மதிப்பைப் பிற்காலத் தனிப்பாடல்களுக்கும், குறிப்பாகச் சிரிக்க வைக்கும் பாடல்களுக்கும் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் மின்சாரம் இல்லாத சில இரவுகளில் என் தாயாரும், பள்ளியில் படிக்கும் மகளும், நானும் விளக்கு வெளிச்சத்தில் பழைய பாடல்களை வாய்விட்டுப் படித்தோம். முதலில் எடுத்தது குறுந்தொகை. ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்னும் அடியைத் திருமண அழைப்பிதழ்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால், ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தொடங்கி அடுக்கடுக்காக மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, அதன் பிறகே அந்த உவமை வருகிறது என்பதை ஐந்தடியையும் சேர்த்துப் படித்த அன்றுதான் மனதில் வாங்கினேன்.

அடுத்த நாள் சிலேடைப் பாடல்களுக்குப் பேர்போன காளமேகப் புலவரின் முறை. நாகையில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் பொழுது சாயும்போதுதான் அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் உறங்கிவிடும், ‘ஓரகப்பை அன்னம் இலையிலிட வெள்ளி எழும்’ என்று பசித்த வயிற்றோடு அவர் பாடிய வெண்பாவைக் கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதே பாட்டுக்கு, பஞ்ச காலத்திலும் அங்கே அரிசி வரும், ஊராரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மை வானத்து வெள்ளியையே வெல்லும் என்று புகழ்மொழியாகவும் பொருள் கொள்ளலாம் என்று சொன்னதும், புத்தகத்தைப் பிடுங்கி இரண்டாம் முறை அவளே படித்தாள். இலக்கண வகுப்பில் சிலேடை என்று மனப்பாடம் செய்ததை அன்றுதான் அவள் ருசித்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது மூன்றாம் நாள் நடந்ததை. விவேக சிந்தாமணியில் ‘ஆவீன மழைபொழிய இல்லம் வீழ’ என்று தொடங்கும் பாடல். பசு கன்று ஈன்ற வேளையில் மழை கொட்டுகிறது, வீடு இடிகிறது, மனைவிக்கு உடல் நோகிறது, வேலையாள் இறக்கிறான்; கடன்காரர், சாவோலை (இறப்புச் செய்தி), விருந்து, பாம்பு, அரசனின் வரி, குருக்களின் தட்சணை என ஒரே மனிதன் தலையில் எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன. ‘மாவீரம் போகுதென்று விதைகொண் டோட’ என்ற இடத்தை மகள் பெரிய வீரம் என்று புரிந்துகொண்டாள். அதுவரை சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த என் தாயார் நிமிர்ந்து உட்கார்ந்து, “வீரம் இல்லடி, ஈரம். மாவுல ஈரம் காயறதுக்குள்ள விதைக்கணும்னு ஓடறான்” என்றார். மா என்பது நில அளவு; நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்றே இன்றும் நிலத்தைக் கணக்கிடுபவர் அவர். பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. ஒரு சிரிப்புப் பாட்டு எவ்வளவு கனமானது என்பதை அந்த மௌனத்தில் உணர்ந்தேன். ‘நாராய் நாராய்’ என்று பாடிய சத்திமுத்தப் புலவரின் குளிரையும் வறுமையையும் வைத்துப் போற்றும் நாம், அதே வறுமையைச் சிரித்துக்கொண்டே சொன்ன பாட்டைத் துணுக்காக நினைத்து ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே பாடலை வெளியிடும்போது, முதலில் மூலத்தையும் அதன் கீழே பதம் பிரித்த வடிவத்தையும் தந்து, மா, சாவோலை போன்ற சொற்களுக்குப் பொருளும் எழுத வேண்டுகிறேன். இவற்றை அகராதி பார்க்காமல் சொல்லக்கூடிய பெரியவர்கள் எங்கள் டெல்டாக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். வாசகர்களிடமே விளக்கம் கேட்டு வாங்கி வெளியிட்டாலும் நல்லது. நிலம் சென்ட்டாகவும் ஏக்கராகவும் மாறிவிட்ட காலத்தில் பிறந்த என் மகளுக்கு அது பாட்டியின் வாயிலாகக் கிடைத்தது. பாட்டி இல்லாத வீடுகளுக்குத் தங்கள் இதழ் அதைத் தரலாம்.

மறுநாள் காலை என் தாயார் கேட்ட ஒரு கேள்விக்கு விடை எந்த உரையிலும் எனக்குக் கிடைக்கவில்லை: “அந்த மனுஷன் அன்னிக்கு விதைச்சானா, இல்லையா?”

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர் மாவட்டம்.