பெஞ்சுக்குக் கைப்பிடி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எல்லோருக்குமான பூங்காக்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கலர் கலரான ரப்பர் தரை, சக்கர நாற்காலியோடு ஏறி ஆடும் ஊஞ்சல் என்று படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "சரிதான், உட்கார்ந்தா எந்திரிக்க முடியுமான்னு போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். போடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு 78 வயது, வாக்கர் பிடித்து நடப்பவர். அக்கா மகனுக்கு 9 வயது, சக்கர நாற்காலி. இருவரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகிறவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பூங்கா எல்லோருக்குமானதா என்பது விளையாட்டுச் சாதனத்துக்கு முன்பே, வாசலில் தெரிந்துவிடும். பைக் நுழையக் கூடாது என்று கம்பியை வளைத்து வளைத்துப் போட்டிருப்பார்கள். பைக் எப்படியோ நுழைந்துவிடும், சக்கர நாற்காலிதான் நுழையாது. 90 சென்டிமீட்டர் இடைவெளி நேராக இருந்தால் போதும். பக்கத்தில் பெரிய கேட் உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. சாவி வைத்திருப்பவரைத் தேடித்தான் எங்கள் மாலை தொடங்கும்.

அப்புறம் சாய்தளம். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பல நாடுகளில் வழக்கத்தில் உள்ள கணக்கு. மூன்று படி என்றால் சுமார் ஒன்றரை அடி, அதற்கு 18 அடி வேண்டும். நான் தள்ளி ஏற்றிய ஒன்று ஐந்தடிகூட இருக்காது. ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது. இறக்கும்போது பையன் கண்ணை மூடிக்கொண்டான். படியின்மேல் சிமெண்டைச் சரித்துப் பூசிவிட்டால் கணக்கில் 'சாய்தளம் உண்டு' என்று எழுதிக்கொள்ளலாம் போல.

அம்மாவின் பெஞ்சுக்கு வருகிறேன். முதுகுச் சாய்வு இல்லாத கல்பலகை பார்க்க அழகுதான். மூட்டு தேய்ந்தவர் எழுந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பாதத்தையும் இருக்கைக்கு அடியில் கொஞ்சம் உள்ளே இழுத்து, கையை எதிலாவது ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்துத்தான் எழுவார். எனவே இருக்கையின் அடி காலியாக இருக்க வேண்டும், சுவர் மாதிரி கட்டி அடைத்துவிட்டால் பாதம் போகாது. உயரம் 45 சென்டிமீட்டர் அளவில், இரு பக்கமும் கைப்பிடி. அதைவிடத் தாழ்ந்தால் கைத்தாங்கலாக ஒருவர் தூக்கிவிட வேண்டியதுதான். பெஞ்சின் ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்குச் சமதளமும் விட்டால், பாட்டியும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இல்லாவிட்டால் அவன் நடைபாதை நடுவில் நிற்பான், போகிற வருகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டு போவார்கள்.

கட்டுரை மெச்சிய ஊஞ்சலிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நாற்காலியையே ஏற்றிப் பூட்டும் இரும்புத் தட்டு நல்ல கனம், குறுக்கே ஓடும் குழந்தைமேல் பட்டால் ஆபத்து. அதனால் சுற்றிலும் வேலி போட வேண்டியிருக்கிறது. எங்கள் பையன் ஒருமுறை அதில் ஆடினான். வேலிக்கு வெளியே ஏழெட்டுப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மறுமுறை வேண்டாம் என்றுவிட்டான். அவனுக்குப் பிடித்தது வலைக்கூடை ஊஞ்சல். தூக்கிப் படுக்க வைத்தால் போதும், இன்னும் இரண்டு பிள்ளைகள் கூடவே தொற்றிக்கொள்வார்கள், அம்மா வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு கையால் ஆட்டிவிடுவார். தரையோடு தரையாகச் சுழலும் ராட்டினமும் அப்படித்தான், உருட்டிக்கொண்டு போய் ஏறிவிடலாம். சுற்றிலும் மணலைக் கொட்டி வைத்தால் மட்டும் சக்கரம் புதைந்து அங்கேயே நின்றுவிடும்.

'யாவருக்குமான வடிவமைப்பு' என்ற கருத்தை முன்வைத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ், சிறுவயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். தனியாக ஒரு மூலை ஒதுக்குவதை அவர் கேட்கவில்லை, முடிந்தவரை எல்லோரும் ஒரே பொருளைப் பயன்படுத்தும்படி செய்யுங்கள் என்றார். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவும், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் 'மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக'ப் பங்கேற்க வழிசெய்யச் சொல்கிறது.

சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்க ஓர் அமைதியான இடம், நிழல், நாற்காலியைத் திருப்ப இடமுள்ள கழிப்பறை பற்றியெல்லாம் தனிக் கட்டுரையே எழுதலாம். கழிப்பறை சரியில்லாத பூங்காவில் எந்த வயதானவரும் அரை மணிக்குமேல் இருக்க மாட்டார்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் கையில் ஓர் அளவுநாடா இருக்கட்டும். முடிந்தால் முழங்கால் வலிக்காரர் ஒருவரையும் கூடக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இப்போதைக்கு நாங்கள் பூங்காவுக்குக் கிளம்பும்போது வீட்டிலிருந்து கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றையும் தூக்கிக்கொண்டுதான் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி