பூனையில் தொடங்கி நாயில் முடிந்த ஆகஸ்ட்

மடிப்பாக்கம், சென்னை
30.08.2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்கு என்னைத் திட்டாதே, பேத்தியின் பள்ளிக்கூடத்தைத் திட்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் முழுக்க விலங்கு தினங்களாம். எட்டாம் தேதி பூனை, பத்தாம் தேதி சிங்கம், பன்னிரண்டு யானை, மூன்றாவது சனிக்கிழமை வீடில்லாத பிராணிகள், இருபத்தாறு நாய். எல்லாமே 'உலக', 'சர்வதேச' என்று பெயர் வைத்த நாட்கள். வீட்டுப்பாடம் அவளுக்கு, வேலை எனக்கு.

இந்த நாட்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்தேன். நம் மாட்டுப் பொங்கல் மாதிரி யாருக்கும் தொடக்கம் தெரியாத நாட்கள் இல்லை. பூனை தினத்தை 2002-ல் ஒரு விலங்கு நல அமைப்பு தொடங்கியிருக்கிறது. நாய் தினத்தை 2004-ல் அமெரிக்காவில் ஒரு பெண்மணி ஆரம்பித்தார். யானை தினம் 2012-ல் வந்தது. எல்லாம் நம் பிள்ளைகளை விட வயதில் சின்னவை!

பூனை தினம் வரலட்சுமி நோன்பு அன்றே வந்து தொலைத்தது. நான் கலசத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், இவள் ஒரு கிண்ணத்தில் நைவேத்தியத்துக்கு வைத்த பாலை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போகிறாள். கேட்டால், 'மிஸ் சொன்னாங்க, இன்னிக்குப் பூனைக்கு ஹேப்பி டே.' பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற வீட்டில் பூனைக்கு முதல் நைவேத்தியம். என் மாமியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சிங்கத்துக்கு மாறுவேடம். தேங்காய் நாரை உதிர்த்துப் பிடரி செய்து கட்டிவிட்டேன். பிள்ளை நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே கர்ஜித்திருக்கிறது. அவள் மேடையில் சொல்ல நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டும்தான், இந்த மே மாதக் கணக்கெடுப்பில் 891. அதைச் சொல்ல மறந்துவிட்டு இரண்டு முறை கர்ஜித்தாளாம். அது போதும் என்று விட்டுவிட்டேன். யானைக்கு நீ சொன்ன கதையையே சொல்லி அனுப்பினேன். பலாப்பழம் பழுக்கிற காலத்தில் உங்கள் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் யானைகள் ஏறி வந்து நிற்பதும், மேட்டுப்பாளையம் பஸ் அவை நகரும் வரை காத்திருப்பதும். உன் வீட்டு கேட்டில் சாய்ந்து நிற்கிற காட்டெருமைக்கு ஏதாவது தினம் உண்டா என்று கேட்கிறாள். அடுத்த கடிதத்தில் நீயே அவளுக்குப் பதில் எழுது.

சரி, நாய்க்கு வருகிறேன்.

பதினோராம் தேதி, டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட அன்று நீ போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. 'நீ எந்தப் பக்கம்டி?' என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது கையில் குச்சி எடுத்துக்கொண்டு போகிறவள் நான். நீ பிஸ்கட் எடுத்துக்கொண்டு போகிறவள். இருபத்திரண்டாம் தேதி அந்த உத்தரவை மாற்றி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். வெறி பிடித்ததையும் கடிக்கிற குணமுள்ளதையும் விடக்கூடாது, சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உனக்கு நிம்மதி. எனக்கும் கொஞ்சம் நிம்மதிதான், உன்னிடம் சொல்லவில்லை.

கருத்தடை என்பது டெல்லிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. இங்கே சென்னையில் புளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்புக்காரர்கள் 1964-லிருந்தே அதைத்தான் சொல்லி வந்தார்கள். அப்போதெல்லாம் மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. கொல்லக் கொல்ல நாய் குறையவில்லை என்பதைப் புரிந்துகொண்டு மாநகராட்சி இந்த வழிக்கு வர 1996 ஆகிவிட்டது. அதற்கும் முன்னால், மிருகவதைத் தடைச் சட்டம் வேண்டும் என்று மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தது யார் தெரியுமா? நீ டான்ஸ் கிளாஸ் போன காலத்தில் படத்துக்குப் பூ வைத்துக் கும்பிடுவாயே, அதே ருக்மிணி தேவி அருண்டேல். சட்டம் 1960-ல் வந்தது. நமக்கு அவரை நாட்டியத்தோடு நிறுத்திப் பழக்கமாகிவிட்டது.

ஆனால் ஒன்று. போன வருடம் மாநகராட்சி எண்ணிப் பார்த்ததில் சென்னைத் தெருக்களில் இருப்பவை ஏறத்தாழ 1.81 லட்சம் நாய்கள். வழி சரியாக இருந்தால் மட்டும் போதுமா? அத்தனை நாய்க்கும் ஆள், வண்டி, அறுவை மேஜை வேண்டாமா? எங்கள் தெருவில் பாதி நாய்களுக்குக் காதில் கருத்தடை செய்ததற்கு அடையாளமான வெட்டு இல்லை. இதைச் சொன்னால் நீ என்னை நாய் விரோதி என்பாய். சொல்லிக்கொள்.

இதற்கு நடுவே நாய் தினத்துக்குப் பேத்தி ஒரு சார்ட் போட்டாள். அவள் வரைந்தது சிவப்பு இதயம், பலூன், வாலாட்டுகிற நாய். நான் பிடிவாதமாகக் கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: 'நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு. அம்மாவிடம் சொல். ஊசி போட்டுக்கொள்.' அழகு போய்விட்டது என்று அழுதாள். இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அது ஹாலில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்கிற கலா தன் மகனையும் கூட்டி வந்திருந்தாள். ஒன்பது வயது. எழுத்துக் கூட்டிப் படித்தான். இரண்டு தடவை படித்தான். அப்புறம் மெதுவாக என்னிடம் வந்து, 'பாட்டி, குட்டி நாய்னாலும் ஊசியா?' என்றான்.

டிரவுசரைத் தூக்கிக் காட்டினான். கெண்டைக்காலில் ஒரு கீறல். ரத்தம் வரவில்லை, ஆனால் தோல் சிராய்ந்திருந்தது. இரண்டு நாளாக மறைத்திருக்கிறான். சொன்னால் அம்மா அடிப்பாள், குட்டியையும் துரத்திவிடுவாள் என்று. கலாவோ மிளகாய்த் தூளை வைத்துக் கட்டலாம் என்கிறாள். நான் அவனைக் குழாயடியில் நிறுத்திக் கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உன் ஞாபகம்தான். ஏழாம் வகுப்பில் பாளையங்கோட்டையில் உன்னை நாய் கடித்தபோது தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. நீ ஒவ்வொரு நாளும் பெரியாஸ்பத்திரியிலிருந்து குனிந்தபடி நடந்து வருவாய். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து என்று யாரோ சொல்ல, 'ஏட்டி, இனிமே நீ மே, மேன்னுதான் பேசுவ' என்று நான் கேலி செய்தேன். நீ ஒரு வாரம் பேசவில்லை. இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மருந்து ஆட்டு மூளையில் செய்ததுதான், அதைத் தயாரித்த இடங்களில் ஒன்று இப்போது நீ தினமும் நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில் இருக்கிற குன்னூர் பாஸ்டர் நிறுவனம். 1902-ல் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாய்க்கடிக்கு மருந்து கிடைக்காமல் இறந்துபோனாள். அப்போது அந்த மருந்துக்கு வடக்கே கசௌலி வரை போக வேண்டும். அதன் பிறகுதான் தெற்கில் ஒரு நிலையம் வேண்டும் என்று பணம் திரட்டி, 1907-ல் உங்கள் ஊரில் திறந்தார்கள்.

பையனுக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு கையிலும் தோலில் மெல்லிதாக ஒவ்வொரு ஊசி, அவ்வளவுதான். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் பிள்ளையார் சதுர்த்தி. ஊசி போட்டுக்கொண்டு வந்து ஆறு கொழுக்கட்டை சாப்பிட்டான். நாளைக்கு அடுத்தது. கடைசி ஊசி செப்டம்பர் 21. அதற்கு அடுத்த வாரம், 28-ம் தேதி, உலக வெறிநோய் தினம் வருகிறது. அது வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த லூயி பாஸ்டர் இறந்த நாள். பேத்தி பள்ளிக்கூடம் அதைக் கொண்டாடுகிறதா என்று கேட்டேன், பட்டியலில் இல்லையாம். பலூன் வரைய முடியாத தினம் பாரு. நானே போய் டீச்சரிடம் பேசப் போகிறேன், அந்தச் சார்ட்டையும் எடுத்துக்கொண்டு.

சார்ட்டுக்கு மூன்றாம் பரிசு. பலூனுக்கா, என் எழுத்துக்கா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

உன் முட்டிவலி எப்படி? பேத்திக்கு அந்தக் காட்டெருமையின் படம் ஒன்று அனுப்பு. இரண்டு பாக்கெட் தேயிலையும் அனுப்பேன், இங்கே கிடைப்பது வெறும் தூசி.

அந்தக் குட்டியைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கலா அதைத் துரத்தவில்லை, படிக்கட்டுக்கு அடியில் ஒரு சாக்கு விரித்துக் கட்டிப் போட்டிருக்கிறாள். பையன் தினமும் காலையில் என் வாசலில் வந்து நின்று, 'பாட்டி, இன்னிக்கும் பால் குடிச்சிருச்சு' என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். இன்றைக்கும் சொன்னான். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

என்றும் உன்,
செல்வி